ஒரே பேரு, அஞ்சு விலாசம்: ‘டிக்’குங்கிற ஆங்கில வார்த்தையப் பிரிச்சுப் பாக்குறது எப்படி?

கானாடுகாத்தான்ல ஒரு பெரிய வீடு, யார் வீடுன்னு வேணாம். மார்கழி தை மாசம் வெளிநாட்டுக்காரங்க கூட்டமா வருவாங்க, வீட்டைச் சுத்திக் காட்ட ஆள் பத்தலைன்னா எனக்கு போன் வரும். அப்படி ஒரு நாள் ஒரு இங்கிலாந்து அம்மாவக் கூட்டிட்டு முகப்பு, பட்டாலை, வளவு எல்லாம் காட்டிட்டு ரெண்டாங்கட்டுக்குப் போனேன், அங்க பெட்டகசாலைய காலி பண்ணி பழைய இலவம்பஞ்சு மெத்தையெல்லாம் எடுத்து வெயில் படுற எடத்துல போட்டு வச்சிருந்தாங்க. நீலக்கோடு போட்ட மெத்தை, துணி வெளுத்துப் போயும் கெட்டியாத்தான் இருந்துச்சு. அந்தம்மா குனிஞ்சு ரெண்டு விரலால துணியத் தேய்ச்சுப் பாத்துட்டு "என்ன அழகான டிக்கிங்!" அப்படின்னுச்சு. நேர் மேல செவுத்துல ஒரு பழைய கடிகாரம் தொங்குது. நான் பெரிய கெட்டிக்காரனாட்டம் "இல்லங்க மேடம், அது இருவது வருசமா ஓடுறதில்ல" அப்படின்னு இங்கிலீஷ்ல சொன்னேன்.

அந்தம்மா என்னையப் பாக்குது, கடிகாரத்தப் பாக்குது, திரும்ப மெத்தையப் பாக்குது. அப்புறம் சிரிச்சுச்சு பாருங்க ஒரு சிரிப்பு. வீட்டு ஆச்சி உள்ள இருந்து எட்டிப் பாத்து "ஏப்பா, அந்தம்மா என்னத்தக் கேக்குது?"ன்னாங்க. "மெத்தைத் துணி நல்லாருக்காம் ஆச்சி"ன்னேன். "அதுக்கா இந்தச் சிரிப்பு"ன்னுட்டு உள்ள போயிட்டாங்க.

அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து பெரிய அகராதியத் தொறந்தவன்தான். டி, ஐ, சி, கே நாலே எழுத்து, ஏதோ கடிகாரச் சத்தம்னு நெனச்சா உள்ள ஒரு வம்சமே உக்காந்திருக்கு. கைடு வேலை பாக்குறவங்க, ஹோம்ஸ்டே நடத்துறவங்க, டியூஷன் எடுக்குறவங்க, சும்மா சொல்லு மேல ஆசை உள்ளவங்க யாரா இருந்தாலும் இந்த மாதிரி குட்டி வார்த்தைய எப்படிப் பிரிச்சு மேயிறதுன்னு நான் தடுமாறிக் கத்துக்கிட்டத இங்க எழுதுறேன்.

மொத வேலை, அகராதியில வார்த்தை எத்தனை தடவை தலைப்பா வருதுன்னு பாருங்க. நல்ல பெரிய அகராதியில ‘டிக்’ ஒரு தடவை மட்டும் வராது, தலைக்கு மேல பொடி நம்பரோட ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு தனித்தனியா வரும். அந்தப் பொடி நம்பர்தான் முக்கியம், அது வேற வேற வேர்னு அர்த்தம். ஒரு தலைப்புக்குக் கீழ உள்ளாற வர்ற 1, 2, 3 எல்லாம் ஒரே வேர்ல இருந்து கெளைச்ச அர்த்தங்கள். இந்த ரெண்டு நம்பரையும் போட்டுக் கொழப்பிக்கிட்டா எல்லாமே போச்சு. போன்ல வர்ற ஓசி ஆப்புங்க பல சமயம் இதெல்லாத்தையும் ஒரே சாம்பாரா ஊத்திக் குடுத்துரும், அதனால பொருள் தெரிஞ்சுக்க ஆப் போதும், வேர் தெரிஞ்சுக்கணும்னா பெரிய அகராதிதான்.

நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு இது சுலபமாப் புரியும். தாத்தா பேர பேரனுக்கு வைக்கிற வழக்கத்தால ஒரு ஊர்லயே ஒம்போது ராமநாதன் இருப்பாங்க, அதுக்குத்தான் செட்டியார் வீடுகள்ல பேருக்கு முன்னாடி விலாசம்னு எழுத்து எழுத்தா போடுறது. பேரு ஒண்ணுங்கிறதுக்காக ஒரு ராமநாதன் வாங்குன கடன இன்னொரு ராமநாதன் பக்கத்துல எழுதுனா கணக்குப்பிள்ளைக்கு அன்னைக்கே சீட்டு கிழிஞ்சிரும். எங்க தாத்தா அந்த வேலைதான் பாத்தாரு, பேரேட்ட எடுத்ததும் மொதல்ல விலாசம் பாப்பாரு, அப்புறம்தான் தொகை. ‘டிக்’குக்கும் அதே மாதிரி ஒரு நோட்டுல விலாசத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்க. இதுல என்ன பெரிய விஷயம்னா தமிழ்லயே ‘ஆறு’ன்னு ஒண்ணு இருக்கு, ஓடுறதும் ஆறு, அஞ்சுக்கு அடுத்ததும் ஆறு, காப்பி ஆறுறதும் ஆறு. வைகையில இருந்துதான் நம்பர் ஆறு வந்துச்சுன்னு ஒருத்தன் சொன்னா சிரிப்போம்ல, ஆனா இங்கிலீஷ்னு வந்துட்டா அதே தப்ப நாமளே பண்ணுவோம்.

மொதப் பக்கம், சத்தம். இது உண்மையாவே ஒலிக்குறிப்பு வார்த்தைன்னு சொல்லலாம், ஆனா இதுலயும் ஒரு ஆச்சரியம், இதோட பழைய அர்த்தம் கடிகாரச் சத்தம் கெடையாது. 15ம் நூற்றாண்டு இங்கிலீஷ்ல இதுக்கு மெதுவாத் தட்டுறது, லேசாத் தொடுறதுன்னுதான் பொருள். டச்சுல இன்னைக்கும் ‘டிக்’னா ஒரு தட்டு. இங்கிலாந்துல சில பக்கம் பசங்க வெளையாடுற தொட்டுப் புடிச்சி வெளையாட்டுக்கே ‘டிக்’னுதான் பேரு. தொடுறதுலதான் சத்தம் பொறக்குது, அதுக்கப்புறம் கடிகாரம் வந்து அந்தச் சொல்லத் தன் சொத்தா ஆக்கிக்கிச்சு.

கடிகாரத்துலயும் அது தொடுற சத்தம்தான் தெரியுமா? காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல பழைய சாமான் கடைங்க வரிசையா இருக்கே, அங்க ஒரு நாள் பெண்டுலம் கடிகாரத்தத் தொறந்து வச்சிருந்தப்ப கிட்ட நின்னு பாத்தேன். உள்ள பல்லு பல்லா ஒரு சக்கரம், அதுக்கு மேல நங்கூரம் மாதிரி ரெண்டு கொக்கி உள்ள ஒரு துண்டு, பெண்டுலம் இந்தப் பக்கம் போறப்ப ஒரு கொக்கி ஒரு பல்ல விடும், சக்கரம் கொஞ்சூண்டு நகந்து இன்னொரு பல்லு அடுத்த கொக்கியில வந்து முட்டும், அந்த முட்டுதான் டிக், பெண்டுலம் திரும்பி வர்றப்ப மறு பக்கம் முட்டுனா டாக். கடைக்காரர் கடிகாரத்தச் செவுத்துல மாட்டிட்டு கண்ண மூடிக் கேட்டாரு, டிக்குக்கும் டாக்குக்கும் நடுவுல எடைவெளி சமமா இல்லைன்னா லேசா ஒரு பக்கம் நகட்டினாரு, திரும்பக் கேட்டாரு, ரசமட்டம்லாம் எடுக்கல. சத்தம் நொண்டுனா கடிகாரம் கொஞ்ச நேரத்துல நின்னுரும்னாரு. ஹைகன்ஸ்ங்கிற டச்சுக்காரர் 1656ல பெண்டுலம் கடிகாரத்தக் கண்டுபுடிச்சாரு, அதுக்கப்புறம் அந்த நூற்றாண்டுலதான் இந்தச் சத்தம் வீட்டுக்குள்ள சகஜமாக ஆரம்பிச்சுச்சு.

இந்த ஒரே விலாசத்துல கெளை ரொம்ப அதிகம். பேனாவ பேப்பர்ல லேசாத் தொட்டு எடுத்தா விழுற கோடு டிக், அதத்தான் நம்ம பள்ளிக்கூடத்துல ‘ரைட் போடுறது’ம்போம். ‘ஒரு டிக்ல வர்றேன்’னு இங்கிலாந்துக்காரர் சொன்னா ‘ஒரு நிமிசம் இரு’ன்னு அர்த்தம், கடிகாரம் ஒரு தடவை அடிக்கிற நேரமாம் (நம்ம ‘தோ வந்துட்டேன்’ எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம்தான் அதுவும்). ஒரு ஆள ‘எது டிக் பண்ண வைக்குது’ன்னு கேட்டா அவன உள்ளார இருந்து ஓட்டுறது எது, ஆசையா பணமா பயமான்னு கேக்குறது, ஆள கடிகாரமா நெனச்சுக்கிட்ட பேச்சு. நெஞ்சுக்குப் பேரு ‘டிக்கர்’. வண்டி எஞ்சின் நின்ன எடத்துல ஓடிக்கிட்டு இருந்தா இங்கிலாந்துல ‘டிக் ஓவர்’, நம்ம மெக்கானிக் ஐட்லிங்னு சொல்றது அதான். நியூயார்க்ல 1867ல எட்வர்ட் காலஹான்ங்கிறவர் தந்தி வழியா பங்கு வெலைய பேப்பர் நாடாவுல அடிச்சுத் தள்ளுற மெஷின் பண்ணாரு, அது போட்ட சத்தத்துல அதுக்கு டிக்கர்னே பேராயிருச்சு. டிவியில கீழ ஓடுற வரிக்கு டிக்கர்னு சொல்றோமே அது அங்க இருந்துதான், ஷேர் மார்க்கெட்டுல வெலை ஏறி எறங்குற குட்டியூண்டு படிக்கும் டிக்னுதான் பேரு.

ரெண்டாவது விலாசம் உண்ணி. ஆடு மாடு நாய் மேல ஒட்டி ரத்தம் குடிக்குமே அதே உண்ணி. இதுக்கும் சத்தத்துக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. பழைய ஆங்கிலத்துலயே இருந்த வார்த்தை, ஜெர்மன்ல ட்ஸெக்கே, டச்சுல டேக்னு சொந்தக்காரங்க இருக்காங்க. ஒரு வார்த்தைக்குப் பக்கத்து மொழியில யார் யார் சொந்தம்னு பாக்குறதும் நல்ல வழி, கடிகார டிக்கோட டச்சுச் சொந்தம் ‘டிக்’, உண்ணி டிக்கோட டச்சுச் சொந்தம் ‘டேக்’, அங்க தனித்தனியா நிக்கிறாங்க, இங்கிலீஷ்ல வந்து பேச்சு தேஞ்சு ஒரே மாதிரி ஆயிட்டாங்க. நம்மகிட்ட உண்ணிக்கொக்கு இருக்கு, உண்ணிச்செடி இருக்கு, அந்தக் குடும்பமும் பெருசுதான். வெளிநாட்டுக்காரங்க இந்தப் பூச்சிக்கு ரொம்பப் பயப்படுவாங்க, அமெரிக்கா ஐரோப்பாவுல லைம்னு ஒரு காய்ச்சல் இதால வருது, நம்ம நாட்டுலயே 1957ல கர்நாடகாவுல கியாசனூர் காட்டுல குரங்கு செத்து விழுந்து கண்டுபுடிச்ச காய்ச்சலும் உண்ணி பரப்புறதுதான். அதனால வயக்காட்டுப் பக்கம் நடந்துட்டு வந்ததும் ஒரு அமெரிக்கர் ‘டிக்ஸ் செக் பண்ணியா’ன்னு பொஞ்சாதியக் கேட்டா அது லிஸ்ட்டுல ரைட் போடுற விஷயம் இல்ல, கால்ல உண்ணி ஒட்டியிருக்கான்னு பாக்கச் சொல்றாரு. ஒட்டியிருந்தா தீக்குச்சி வச்சுச் சுடாதீங்க, சின்ன இடுக்கியால தோலுக்கு ஒட்டிப் புடிச்சு நேரா இழுத்து எடுக்கணும், இது சொல்லாராய்ச்சிக்கு சம்பந்தமில்ல ஆனா சொல்லாமப் போக மனசு வரல.

மூணாவதுதான் என்னைய மானம் வாங்குன மெத்தை. மெத்தை உறைக்கு டிக், அந்தத் துணிக்கு டிக்கிங். கிரேக்கத்துல ‘தீக்கே’ன்னா பொருள் போட்டு வைக்கிற பெட்டி, உறை. அது லத்தீன்ல ‘தேக்கா’ ஆச்சு, அங்க இருந்து டச்சுப் பக்கம் போயி, அவங்ககிட்ட இருந்து இங்கிலீஷுக்கு வந்துச்சுன்னு அகராதியில போட்டிருக்கு. பஞ்சு வெளிய வராம, எறகு அடைச்சிருந்தா அதோட முனை குத்தாம இருக்கணும்னு நூல நெருக்கி நெய்யிற துணி, கோடு போட்டிருக்கிறது அதோட அடையாளம். இந்த ‘தீக்கே’ வேற எங்க எங்க இருக்கு தெரியுமா, பிரெஞ்சுல நூலகத்துக்கு ‘பிப்லியோதெக்’, அதுக்குள்ள இருக்கு. கண்டாங்கிச் சேலை விக்கிற கடைக்கு இப்ப ‘பொட்டிக்’னு போர்டு வைக்கிறாங்களே, அந்த வார்த்தையும் கிரேக்கத்துல ‘அப்போதீக்கே’ன்னு சரக்கு வைக்கிற கிட்டங்கிக்கு இருந்த பேர்ல இருந்து வந்தது. ஆக பொட்டிக்ல இருக்குற கடைசி ‘டிக்’கும் ஆச்சி வீட்டு மெத்தை டிக்கும் பங்காளி.

இங்க ஒரு குழி இருக்கு, நானே விழுந்தேன். லத்தீன்ல தேக்கா, நம்ம வீட்டுத் தூணெல்லாம் பர்மா தேக்கு, அடடா ரெண்டும் ஒண்ணுதான்னு ஒரு மணி நேரம் குதிச்சேன். கெடையவே கெடையாது. இங்கிலீஷ்ல தேக்குக்கு உள்ள சொல்லு நம்ம பக்கம் இருந்து, மலையாளத் தேக்கு போர்த்துகீஸ் வாய் வழியாப் போனது. பெட்டிக்கும் மரத்துக்கும் தொடர்பு தச்சு ஆசாரிகிட்ட மட்டும்தான். காதுக்கு ஒண்ணா கேட்டா சொந்தம்னு முடிவு கட்டாதீங்க, இந்தக் கட்டுரையில ஒண்ணே ஒண்ண ஞாபகம் வச்சுக்கிறதுன்னா இத வச்சுக்கங்க.

நாலாவது, கடன். ‘ஆன் டிக்’ வாங்குனேன்னா பத்துல எழுதிட்டு வாங்குனேன்னு அர்த்தம், பெட்டிக்கடையில ‘அண்ணே எழுதிக்கங்க’ம்போமே அதேதான். இதுக்கு வாட்ஸ்அப்ல ஒரு கதை வந்துச்சு, கடைக்காரர் நோட்டுல கடன் வாங்குனவன் பேருக்கு நேரா டிக் அடிப்பாராம் அதனால கடனுக்கே டிக்னு பேராம். கேக்க ரொம்பப் பொருத்தமா இருக்கு, தப்பு. எப்படித் தப்புன்னு கண்டுபுடிக்கிறதுன்னா, வருசத்தப் பாருங்க. கடன்ங்கிற டிக் 1640கள்லயே எழுத்துல வந்துருச்சு, ரைட் போடுற குறிக்கு டிக்னு பேரு எழுத்துல வர்றது 19ம் நூற்றாண்டுல. மகன் பொறந்து இருநூறு வருசம் கழிச்சு அப்பன் பொறப்பானா? இந்த டிக் ‘டிக்கெட்’டோட சுருக்கம், கடன எழுதிக் குடுக்குற துண்டுச் சீட்டு. டிக்கெட் பிரெஞ்சுல இருந்து வந்தது, ஒட்டி வைக்கிற சீட்டுன்னு பொருள், ‘எட்டிக்கெட்’ன்னு மரியாத நடைமுறைக்குச் சொல்ற சொல்லும் அதே பிரெஞ்சுச் சொல்லுதான். ஒரு பக்கம் கடன் சீட்டு, ஒரு பக்கம் மரியாதை. எங்க தாத்தா இருந்தா ரெண்டும் ஒண்ணுதான்டான்னு சொல்லியிருப்பாரு.

அஞ்சாவது ஒண்ணு, மொகம் வெடுக் வெடுக்குனு துடிக்கிறதுக்கு உள்ள ‘டிக்’. அது பிரெஞ்சு வார்த்தை, கடைசியில கே கெடையாது. தமிழ்ல எழுதுனா ஒண்ணாத் தெரியும், இங்கிலீஷ் எழுத்தப் பாத்தா முடிஞ்சது.

சரி, புத்தகம் கையில இல்லாதப்ப, எதிர்ல ஆள் நிக்கிறப்ப எப்படிக் கண்டுபுடிக்கிறது? பக்கத்துல நிக்கிற வார்த்தையப் பாருங்க. முன்னாடி ‘ஆன்’ வந்தா அனேகமா கடன். கடி, நாய், புல்லு, தோல் எல்லாம் வந்தா உண்ணி. கோடு, பஞ்சு, தலையணை வந்தா மெத்தைத் துணி. பின்னாடி ‘ஆஃப்’ வந்தாத்தான் சிக்கல், ஏன்னா அது ஆள் எந்த ஊருங்கிறதப் பொறுத்தது. இங்கிலாந்துக்காரர் ஒருத்தன ‘டிக் ஆஃப்’ பண்ணேன்னா நல்லா டோஸ் விட்டேன்னு அர்த்தம், அமெரிக்கர் நான் ‘டிக்ட் ஆஃப்’னா அவருக்குக் கோவம் வந்திருக்குன்னு அர்த்தம், ரெண்டு பேருமே லிஸ்ட்டுல ஒவ்வொண்ணா முடிச்சு ரைட் போட்டுக்கிட்டு வர்றதுக்கும் அதையே சொல்லுவாங்க. அமெரிக்கருக்கு அந்தக் குறியோட பேரு ‘செக் மார்க்’, படிவத்துல டிக் பண்ணுங்கன்னா ஒரு நொடி முழிப்பாங்க.

ஹோம்ஸ்டே வச்சிருக்கவங்களுக்கு இன்னொண்ணு. விருந்தாளிங்ககிட்ட கருத்துப் படிவம் குடுக்குறப்ப டிக் போட்டா நல்லதுன்னு எல்லா நாட்டுலயும் அர்த்தம் இல்ல. ஜப்பான்ல சரிக்கு வட்டம் போடுவாங்க, பரீச்சைப் பேப்பர்ல டிக் விழுந்தா தப்புன்னு அர்த்தம். பின்லாந்து, சுவீடன் பக்கமும் தப்புக்கு டிக் போடுற பழக்கம் உண்டு. அதனால சாப்பாடு நல்லா இருந்துச்சான்னு ஒரு கட்டம் மட்டும் போட்டு வைக்காதீங்க, ஆமா இல்லைன்னு ரெண்டையும் எழுதி வட்டம் போடச் சொல்லுங்க. கந்தரப்பத்த ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்னவர் போட்ட குறியப் பாத்து யாரும் வருத்தப்பட வேண்டாம். வாட்ஸ்அப்ல 2014ல வந்த நீல டிக் மட்டும் எல்லா ஊர்லயும் ஒரே அர்த்தம்தான், படிச்சுட்டு பதில் போடலைங்கிறது.

நோட்டு போட்டு எழுதிப் பழக அடுத்து ‘பாப்’ எடுத்துக்கங்க, இதுவும் நாலு வரியில முடியிற ஆள் இல்ல. பாட்டில் மூடி தெறிக்கிற சத்தம் ஒரு பக்கம், சோடா கலருக்கு பாப்னு சொல்றது அதுக்குக் கீழயே வரும், ஏன்னா அந்தச் சத்தத்துலதான் பேரே. பாப் பாட்டு வேற பக்கம், அது ‘பாப்புலர்’ங்கிறதோட வெட்டுத் துண்டு. அப்பாவ பாப்னு கூப்புடுறது இன்னொரு பக்கம், அது அப்பாவுக்கு இங்கிலீஷ்ல உள்ள ‘பப்பா’ங்கிறதோட சுருக்கம். கடைசியா ‘பாப்படம்’, நம்ம அப்பளத்துக்கு இங்கிலீஷ்ல உள்ள பேரு. எண்ணெயில போட்டதும் பொரிஞ்சு சத்தம் வருது, அதனால சத்தத்து பக்கத்துல எழுதத் தோணும். எழுதாதீங்க. ஆக்ஸ்போர்டு அகராதி அதுக்குக் குடுக்குற வேர் தமிழ் பப்படம். போன வாரம் ஆச்சி அப்பளம் பொரிச்சுக்கிட்டு இருக்கிறப்ப இதச் சொன்னேன். "அந்தம்மா திரும்ப வந்தா இதச் சொல்லு, கடிகாரத்தப் பத்தி வாயத் தொறக்காத"ன்னாங்க.